முயல்குட்டிக்கு வயிறு கழிந்தால்

என் மகளின் அப்பாவுக்கு,

நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள், கேட்கவில்லை.

நேற்று போனில் பாப்பாதான் உளறிவிட்டாள்: "எனக்கு ஒரே பேதிம்மா. ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தினாங்க. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அப்பா சொன்னாரு."

'முயல் மேய்க்கப் போனவள்' என்று என்னைக் கிண்டலடிக்கிறீர்களே, கேளுங்கள். இங்கே ஆய்வுக்கூடத்தில் முயல்குட்டிகளுக்குப் பேதித் தடுப்பூசி போட்டு, பிறகு கிருமியைக் கொடுத்துச் சோதிக்கிறோம். ஒரு குட்டிக்கு வயிறு கழிந்தாலும், சாப்பாட்டிலிருந்து எழுப்பியாவது எனக்குச் சொல்லிவிடுகிறார்கள். கூண்டு பார்க்கிற ஆள் எனக்கு மாமனா, மச்சானா? அவனே ஓடிவந்து சொல்கிறான்.

நான் நன்றாக இருக்கிறேன். ஒரு குட்டி விரலைக் கடித்தது, அவ்வளவுதான்.

பாப்பாவை எடைபோட்டு எழுதுங்கள். இங்குள்ள குட்டிகளின் எடையெல்லாம் எனக்குத் தெரியும், அவளுடையதுதான் தெரியாது.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். இன்னொரு குட்டிக்குக் கழிகிறதாம்.

பாப்பாவின் அம்மா