வீடு வாடகைக்கு

ஞாயிறு, புரட்டாசி 12. பெரம்பலூர்.

த்தூ. என் மூஞ்சியிலதான் துப்பணும்.

காலையில நல்லிணக்கக் குழு கூட்டம். நானும் ரஹீம் பாயும் சேர்ந்து நடத்துறது. மைக்கைப் பிடிச்சு நான்தான் முழங்கினேன். "தலித்துன்னாலும் டவுன்ல வூடு கிடையாது, முஸ்லிம்னாலும் கிடையாது. அப்புறம் நமக்குள்ள என்னங்க பிரிவினை?" ஒரே கைதட்டல்.

சாயங்காலம் பாய் எங்க வூட்டுக்கு வந்தார். "மாடி காலியாத்தான இருக்கு? என் பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் குடுங்களேன்"னார்.

இந்தத் தெருவுல காலனியிலேர்ந்து வந்த குடும்பம் நாங்க ஒண்ணுதான். எதிர்வீட்டம்மா இப்பதான் என் பொண்டாட்டிகிட்ட பேசவே ஆரம்பிச்சிருக்கு. அந்த நெனப்புதான் முதல்ல வந்துச்சு. "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிட்டோம் பாய்"னுட்டேன்.

அரியலூர்ல நான் வூடு தேடுனப்போ வாசலுக்கு வாசல் எனக்குச் சொன்ன அதே பொய். அன்னிக்கு என்கூட ஒவ்வொரு படியா ஏறி இறங்குனது இதே பாய்தான்.

"பரவால்லங்க"ன்னு டீயைக் குடிச்சு முடிச்சார். கேட்டுல தொங்குன 'வீடு வாடகைக்கு' பலகை காத்துல உள்பக்கமா திரும்பிக் கிடந்துச்சு. அதை ரோட்டைப் பாக்கத் திருப்பி வச்சுட்டுப் போனார்.