மூன்று புள்ளிகளில் நகர்ந்தது எது

நவம்பர் 10

காலையில் ஒன்பது மாடிக் கட்டடம். லிஃப்ட் கதவு பாதியில் மாட்டிக்கொள்கிறது என்று புகார். சென்சாரில் தூசி. துடைத்தேன், சரியாயிற்று. எல்லாம் இப்படியே இருந்துவிட்டால் என்ன?

மாலையில் ஆஸ்பத்திரி. மகள் பிறந்து ஐந்து நாள். இரண்டு மாதம் கழித்து வந்திருக்க வேண்டியவள். அவசரம் என்னிடமிருந்து வந்ததாம், மனைவி சொல்கிறாள். கண்ணாடிப் பெட்டிக்குள் என் கையளவுதான் இருக்கிறாள். மூக்கில் குழாய். எடை நேற்றையதைவிடக் குறைவு. "ஏன் குறையுது? என்னதான் பண்றீங்க?" என்று நர்ஸிடம் எகிறினேன்.

"முதல் வாரம் குறையத்தான் சார் செய்யும். நீங்க கத்தினா ஏறாது."

நவம்பர் 12

அப்பாக்களுக்குக் குழந்தையைப் பார்க்க மாலையில் அரைமணி நேரம்தான். அது முடிந்ததும் மனைவி பால் எடுத்துக் கொடுத்துவிட்டு, தாய்மார் வார்டிலிருந்து மொட்டை மாடிக்கு வருவாள். துணிக்கொடிகளுக்கு நடுவே உட்காருவோம். இன்று நான் வாயைத் திறந்ததுமே நிறுத்தினாள்.

"கிராம் பேச்சு போதும்டா. எனக்குத் தலை வெடிக்குது. உனக்கு வேற எதுவுமே தெரியாதா?"

தெரியும். யுரேனஸ். இந்த மாதம்தான் அது நமக்கு மிகக் கிட்டத்தில் வருகிறது. சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே எழும். நிலா தொல்லை இல்லாத நாட்களாகப் பார்த்துப் பிடித்தால் சாதாரண பைனாகுலரே போதும். இதற்கென்றே வாங்கிய பைனாகுலர் வீட்டில் அட்டைப் பெட்டியோடு கிடக்கிறது.

"சொல்லிக்கிட்டே இருக்கியே, கொண்டு வாயேன்."

நவம்பர் 15

மாடி விளக்கை அணைக்க வாட்ச்மேன் சம்மதிக்கவில்லை. யாராவது தடுக்கி விழுந்தால் அவர் தலைதான் உருளுமாம். மாடிக் கதவு நாராசமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. கீலுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தேன். விளக்கு அணைந்தது.

"அந்தக் கிரகம் என் ராசிக்கு ஏதாச்சும் பண்ணுமா தம்பி?"

"ஒண்ணும் பண்ணாது."

"அப்புறம் எதுக்குப் பாக்கறீங்க?"

இருபது நிமிடம் இருட்டில் சும்மா உட்கார வேண்டும், ஃபோனைத் தொடக்கூடாது. அப்போதுதான் கண் பழகும். எனக்கு அதுவே தண்டனை. பிறகு முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி, முதலில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பிடித்து, அங்கிருந்து வலப்பக்கம் மெல்ல நகர்த்த வேண்டும். மங்கலான புள்ளியை நேராக முறைத்தால் மறைந்துவிடும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும்.

"மூணு புள்ளி இருக்கே. எது உன் ஆளு?"

"மேல இருக்கறது."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

பால் பாட்டிலில் ஒட்டும் லேபிள் ஒன்று அவள் பையில் இருந்தது. அதில் கூட்டத்தையும் மூன்று புள்ளிகளையும் வரைந்து, தேதி போட்டு, பைனாகுலர் உறைக்குள் ஒட்டினாள். கிரகமென்றால் நகருமாம், நட்சத்திரம் நகராதாம், நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்கிறாள். ஒரே ராத்திரியில் தெரியாது, பத்து நாளாவது ஆகும் என்றேன்.

"பத்து நாளா? நீயா?"

சிரித்தாள். பிரசவத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு.

நவம்பர் 17

ஐந்து மணிக்குச் சுண்டு மூச்சு விடவில்லை. (அவளுக்கு நான் வைத்த பெயர். நர்ஸ்கள் "மூணாம் பெட்டி" என்கிறார்கள்.) மெஷின் அலறிச்சு. என்னைப் பிடிச்சு வெளியே தள்ளிட்டாங்க. நான் மெஷின் ரிப்பேர் பண்றவன்யா — ஒரு எழவும் தெரியல எனக்கு. என்ன பண்றதுன்னு — கதவுல வட்டக் கண்ணாடி, அதுல நாலு முதுகுதான் தெரிஞ்சுது. எவ்வளவு நேரம்? கேட்டா "கொஞ்ச நேரம்தான்"ங்கறாங்க.

விட்டுட்டா. மூச்சு விட்டுட்டா.

குறைமாதக் குழந்தைகள் சில சமயம் மறந்துவிடுமாம். உள்ளங்காலைத் தட்டினால் நினைவு வந்துவிடுமாம். மூச்சு விடுவதையா மறப்பார்கள்?

ஏழரைக்கு மாடிக்குப் போனோம். பைனாகுலரை அவளிடம் கொடுத்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, யுரேனஸிலிருந்து வெளிச்சம் வர இரண்டரை மணி நேரம் ஆகும் என்றேன். அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அங்கேருந்து யாராவது நம்மளப் பாத்தா, அவங்களுக்கு இப்பதான் மணி அஞ்சு. இப்பதான் அவ மூச்சு நிக்குது."

"ம்."

"பயப்படாதீங்க, வந்துரும்னு அவங்களுக்கு யாரு சொல்றது?"

நான் அழுதேன். அவள்தான் தோளில் தட்டினாள். உள்ளங்காலைத் தட்டுகிற மாதிரி.

நவம்பர் 19

மேகம்.

நவம்பர் 22

மழை. எடையும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன், கேட்டுவிட்டேன். நர்ஸ் சோப்பைக் காட்டினார். கை கழுவிவிட்டு வந்தால் பெட்டியின் துவாரம் வழியாக உள்ளே விடலாமாம். சுண்டு என் சுண்டுவிரலைப் பிடித்தாள். ஸ்பேனர் பிடித்துக் காய்த்த விரல், அவளுக்கு உறுத்தாதா? விடவில்லை.

நவம்பர் 27

வானம் திறந்தது. மேல் புள்ளி வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. நான் சண்டைக்குத் தயாரானேன் — அவள் படம் தப்பு, கை ஆடியிருக்கும், லேபிள் சின்னது. அவள் கதவோரம் போய் மங்கிய வெளிச்சத்தில் லேபிளைப் பார்த்துவிட்டு வந்து, மறுபடி பைனாகுலரை எடுத்தாள்.

"கீழ்ப் புள்ளிடா. அதுதான் மேல ஏறி வந்திருக்கு. பாரு, இடைவெளி பாதிகூட இல்ல."

பார்த்தேன். ஆமாம். பன்னிரண்டு நாளாக இருவரும் ஒரு சாதாரண நட்சத்திரத்தைக் கொண்டாடியிருக்கிறோம். பக்கத்திலேயே யுரேனஸ் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்திருக்கிறது.

"'தெரியும்'னு சொன்னார் என்ஜினியர்," என்று வாட்ச்மேனிடம் என் மானத்தை வாங்கினாள். அவர் ஆறுதலாக, "விடுங்கம்மா, ரெண்டும் தூரத்துல இருக்கறதுதானே," என்றார்.

திரும்பி வந்து, "படம் வரைஞ்ச அன்னிக்கு நீ சுண்டுவ எடுத்த போட்டோ இருக்கா?" என்றாள்.

இருந்தது. இன்று எடுத்ததையும் பக்கத்தில் வைத்தோம். அன்றைக்கு டயப்பர் அக்குள்வரை ஏறியிருந்தது. இன்று இடுப்பில் நிற்கிறது. கன்னம் என்று ஒன்று வந்திருக்கிறது. தினமும் இரண்டு கண்ணாலும் முறைத்துக்கொண்டிருந்தேனே, இது எப்போது நடந்தது?

எடை கேட்காமல் வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் 4

முழு நிலா. ஒரு புள்ளியும் தெரியாது என்று தெரிந்தும் மாடிக்குப் போனோம்.

மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். கோபமாக இருக்கும்போது என்னை மாதிரியே இருக்கிறாளாம்.

டிசம்பர் 19

வாட்ச்மேன் ஃபோன் செய்தார். "தம்பி, வானம் பளிச்சுன்னு இருக்கு. லைட்டையும் அணைச்சு வெச்சேன். ஆளக் காணோமே?"

அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டோம் என்றேன். மூன்று பேருமா என்று கேட்டார். மூன்று பேரும்.

பைனாகுலர் எட்டடி தூரத்தில் அலமாரி மேல் இருக்கிறது. ஜன்னலில் கிழக்கு தெரிகிறது. மனைவி சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். எழுந்து போய் எடுக்கலாம்தான். ஆனால் சுண்டு என் நெஞ்சில் குப்புறப் படுத்துத் தூங்குகிறாள். ஒரு மணி நேரமாக அசையவில்லை நான். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான், இடது கையால் எழுதுகிறேன்.