தொழுவத்தில் நிற்பவளிடம் எடுத்த பேட்டி

அன்பு மகள் ஆனிக்காவுக்கு,

இருமல் போக மற்றபடி நானும் அப்பாவும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். நேற்று போனில், "இந்த மீடியா படிப்பே வேணாம்மா, டேல் மாமா தீவனக் கடையில வந்து நின்னுக்கறேன்" என்று நீ அழுததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. கல்லூரி வானொலியில் என்னைப் 'பால் பண்ணைக்காரப் பெண்மணி ஒருவர்' என்று சொன்னாயே தவிர, பெற்ற தாய் என்று சொல்லவில்லை. நானோ பெருமை தாங்காமல் நிலையத்துக்கே போன் போட்டு, "எம்பொண்ணு எடுத்த பேட்டிதாங்க அது" என்று பீற்றிக்கொண்டேன். அதில் குட்டு உடைந்து, உங்கள் பேராசிரியை ஹோல்ட் அந்தப் பேட்டிக்கு முட்டை மார்க் போட்டுவிட்டார். அவர்மேல் கோபப்படாதே, சொந்தக்காரியைப் பேட்டி எடுத்தால் கேட்கிறவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் ஒன்று, பனி உருகியதும் மாடுகளை விற்றோமே, அப்போது சர்ச்சில் பார்த்தவர்கள் எல்லாம் அப்பாவிடம்தான் துக்கம் விசாரித்தார்கள். கறந்தவள் நான். என்னைக் கேட்டது நீ ஒருத்திதான். கேட்டுவிட்டு, பிறந்ததிலிருந்து வாய் ஓயாத நீ, பேசாமல் உட்கார்ந்திருந்தாய். அப்படி இருந்தால் எதிரில் இருப்பவர் தானாகப் பேசுவார் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களாமே. அது தாங்காமல்தான், இன்னமும் இருட்டோடு எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு காலித் தொழுவத்தில் போய் நிற்கிறேன் என்று உளறிவிட்டேன். அது வானொலியில் வந்தபோது அப்பா டிராக்டரில் உட்கார்ந்து போனில் கேட்டிருக்கிறார். சாப்பிட வந்தவர், "தொழுவத்துல போயி என்ன பண்ணுவே, டயான்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். மனிதர் டிவி போடவில்லை, எழுந்து போகவும் இல்லை, உன்னைப் போலவே சும்மா உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன், சூப் ஆறிப்போனது. இன்று காலை நான் பூட்ஸை மாட்டும்போது அவரும் பக்கத்தில் உட்கார்ந்து தன்னுடையதை மாட்டிக்கொண்டார்.

அதனால் படிப்பை விடாதே. பேராசிரியையிடம் மன்னிப்புக் கேள், மறுபடி பேட்டி எடுக்க அவர் அனுமதித்தால் எதிர்ப் பண்ணைக்காரி வெண்டியைப் போய்ப் பார். அவளையும் யாரும் எதுவும் கேட்டதில்லை.

கர்த்தர் உன்னோடு இருப்பாராக. பனி விழுவதற்குள் காருக்குப் பனிக்கால டயரை மாற்றிவிடு.

இப்படிக்கு,
பால் பண்ணைக்காரப் பெண்மணியும் உன்னைப் பெற்றவளுமான
டயான்