கோடையில் ஊற்றிய தண்ணீர்

ரிக்டர்ஸ்வெல்ட்,
ஜனவரி 9, செவ்வாய்

என் அன்புள்ள வில்லெமுக்கு, கிரீத் எழுதுவது.

சுரங்கத் தூசியில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? இங்கே ஆடுகள் நலம். கறுப்பி மட்டும் குட்டியைக் கிட்டவே சேர்க்கமாட்டேன் என்கிறாள். நானும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

உங்கள் வாய் சும்மா இருந்திருக்கலாம். கேன்டீனில் யாரோ இரண்டு பேரிடம், "எம் பொண்டாட்டி கைபட்டா கல்லுகூடத் துளிர்க்கும்" என்று பீற்றிக்கொண்டீர்களாமே! அவர்கள் நேராக இங்கே வந்துவிட்டார்கள். மலையில் பெயர்த்த கால்விரல் செடிகள், அந்தக் கூழாங்கல் மாதிரிக் குட்டிச் செடிகள்தான், முட்டை அட்டைகளில் நானூறு. வெளிநாட்டுக்குக் கள்ளத்தனமாகக் கப்பலேற்றும்வரை உயிரோடு வைத்திருக்க வேண்டுமாம். வேர் அறுந்து கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் வாங்கிக்கொண்டேன். காயம் ஆறும்வரை நிழலில் உலர்த்தி, தட்டுகளில் கல்பொடி நிரப்பி நட்டேன். நம் ஊர் ஜனவரிக் கோடையில் அவை காகிதத் தோலைப் போர்த்திக்கொண்டு தூங்குமல்லவா, ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. ஒன்றுகூடச் சாகவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

இப்போது நாலாயிரம் வேண்டுமாம். தோண்டுவதற்கு உங்கள் தம்பி ஆதாமைக் கூட்டிப்போனார்கள். மூன்று நாள் கழித்து வந்தான், இரண்டு விரலில் நகம் இல்லை. என்னடா நடந்தது என்றால், "கேக்காதீங்க அண்ணி. கூட வந்த ஹானஸ் திரும்பல, அவ்ளோதான்" என்றான். வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறார்களாம். போகாதே என்று கெஞ்சினேன். "நா போகலன்னா உங்ககிட்டதான வருவாங்க" என்றான்.

நேற்று காலை அவனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் உங்கள் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பிறகு வாளியை எடுத்தேன். உச்சி வெயிலில் எல்லாத் தட்டுகளுக்கும் தண்ணீர் ஊற்றினேன், வில்லெம். இன்றும் ஊற்றினேன். தோலுக்குள்ளே கூழாகிக்கொண்டிருக்கின்றன. அழுதுகொண்டேதான் ஊற்றினேன். என் கையிலும் செடி பிழைக்காது என்று தெரிந்தால் மலையை விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

இன்று மதியம்தான் ஞாபகம் வந்தது. அவர்கள் முதல்முறை வந்தபோதே, "இதுக்குக் கோடைல தண்ணி ஊத்தினா செத்துடும்" என்று நானே பெருமையாகச் சொல்லித் தொலைத்திருக்கிறேன். ஈரத் தட்டுகளைப் பார்த்ததும் வேண்டுமென்றே கொன்றேன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். வாய்க்கொழுப்பில் நான் உங்களுக்குக் குறைந்தவளா?

ஆட்டு லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். லீவு கிடைக்காவிட்டாலும் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுங்கள். ஆதாம் இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். நான்தான் கேட்டனுப்பினேன் என்று என் கையெழுத்தையே காட்டினாலும் சொல்லாதீர்கள்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உங்கள்,
கிரீத்