கெளுத்திக்குப் போன சனிக்கிழமை

ஜூன் 26, புதன்

காலையிலிருந்து காற்று. என் மோட்டார் ரிப்பேர் கடை போர்டு ஒரு பக்கம் கழன்று ஆடுகிறது. தோட்டத்து மோட்டார் ஒன்றுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டி முடித்தேன். வார்னிஷ் காயவில்லை. உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

சாயங்காலம் சரோஜா வீடு. அவள் அண்ணன் சிவகிரியிலிருந்து வந்திருந்தார். தங்கையை எனக்கு மறுகல்யாணம் செய்துகொடுக்க அவருக்குத் தடையில்லையாம். ஆனால் அவள் மகள் திவ்யா சரி என்று சொல்ல வேண்டும். ஒன்பது வயசு. லாரி டிரைவர் புருஷன் விபத்தில் போனபின் சரோஜா தையல் மிஷினை மிதித்து வளர்த்த பிள்ளை. அது வேண்டாம் என்றால் வேண்டாம். நியாயம்தான்.

காபி. முறுக்கு. திவ்யா கதவோரம் நின்று என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது கேட்டாள்.

"ராத்திரியில கெளுத்தி புடிக்கக் கூட்டிட்டுப் போவீங்களா?"

அவள் அப்பா கூட்டிப்போவாராம். போகலாம் என்று சொல்லிவிட்டேன். நான் தூண்டிலைத் தொட்டதே இல்லை. நீச்சலும் தெரியாது. கொடுமுடியில் பிறந்து, காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்து, இந்த லட்சணம்.

ஜூன் 28, வெள்ளி

வாங்க வேண்டியது: தூண்டில் நரம்பு, முள் (பெரிசு), ஈயக்குண்டு, டார்ச்சுக்கு பேட்டரி. இரைக்குக் கோழிக்குடல், கறிக்கடை பாய் எடுத்துவைப்பார். கெளுத்தியை வெறுங்கையில் பிடிக்காதீர்கள், முள் குத்தினால் கை வீங்கிவிடும் என்றார். பழைய துண்டு ஒன்று - மறக்கக்கூடாது.

கரண்ட் இல்லை. தூக்கமும் இல்லை. மீன் கிடைக்காவிட்டால்?

ஜூன் 30, ஞாயிறு, விடியற்காலை

சட்டை இன்னும் ஈரம். எழுத்து கோணல்.

நேற்று ராச்சாப்பாடு முடிந்து கிளம்பினோம். ஆற்றில் தண்ணீர் குறைவு. முழங்காலளவில் இறங்கி மணல் திட்டுக்குப் போய் உட்கார்ந்தோம். அதற்கு அந்தப்பக்கம்தான் ஆழம், கெளுத்தி அங்கேதான் என்றாள் திவ்யா. நான் வீசிய முள் என் சட்டையிலேயே மாட்டியது. சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பொறுமையாகக் கழற்றிவிட்டாள்.

நெடுநேரம் ஒன்றுமில்லை. அக்கரையில் நாய். தூரத்தில் ஈரோட்டு ரயில். எழுந்தேன், உட்கார்ந்தேன். "சும்மா இருந்தாத்தான் வருமுங்க" என்றாள்.

திடீரென்று நரம்பு விரலை அறுத்தது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். முழங்கை நீளக் கெளுத்தி. மீசை, வழவழப்பு, கர்கர் என்று ஒரு சத்தம். துண்டைப் போட்டு அமுக்கி வாளியில் விட்டேன். அப்போது சிரித்தாள். முதல்தடவை.

கொஞ்ச நேரத்தில் அவள் செருப்பு மிதந்து போயிற்று. டார்ச் அடித்துப் பார்த்தேன். வந்த வழி முழுக்கத் தண்ணீர். மேலே எங்கோ அணையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். திட்டு பார்க்கப் பார்க்கச் சிறிதாகிறது. கத்தினேன். காற்றில் யாருக்குக் கேட்கும்?

"எனக்கு நீச்சல் தெரியுமுங்க. உங்களுக்கு?"

தெரியும் என்று சொல்ல வாய் வந்தது. "தெரியாது கண்ணு. பயமா இருக்குது. நீ என்ற தோள் மேல ஏறிக்க."

இந்த இழுப்பில் அவளைத் தனியாக நீந்த விட மனசு வரவில்லை. இடுப்பு, அப்புறம் மார்பு. காலடியில் மணல் ஓடுகிறது. ஓரிடத்தில் வாய்க்குள் தண்ணீர். அவள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு என் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் கால்களை நான் விடவில்லை. வாளி போயிற்று, மீனும். கரையேறியதும் வாந்தி எடுத்தேன். திவ்யா முதுகைத் தேய்த்துவிட்டாள்.

சரோஜா கதவைத் திறந்து ஈரத்தைப் பார்த்தாள். பிள்ளை இரண்டு வார்த்தையில் சொன்னது. உள்ளே இழுத்துக்கொண்டு தாழ் போட்டாள்.

ஜூலை 1, திங்கள்

அண்ணன் கடைக்கே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"புள்ளைய ஆத்துல உட்டுப்போட்டு வந்திருப்பீங்க. இத்தோட நிறுத்திக்கலாமுங்க."

சரிங்க என்றேன்.

காயில் தப்பாகச் சுற்றி, அவிழ்த்து, மறுபடி தப்பு. டீ சொல்லிக் குடிக்க மறந்தேன்.

ஜூலை 3, புதன்

சரோஜா தெருப்பக்கம் போகவில்லை.

போனேன். சைக்கிளில், நிற்காமல். மிஷின் ஓடுகிற சத்தம். திரும்பி வரும்போது சத்தமில்லை. தலையில் சீப்பு வைத்தால் எரிகிறது.

ஜூலை 5, வெள்ளி

கடையடைக்கிற நேரம். சரோஜா, தனியாக. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை.

அந்த நேரத்தில் திட்டுக்குப் போனது தப்பு, அதை மறக்கமாட்டேன் என்றாள். ஒப்புக்கொண்டேன். காயில் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"அவ சொன்னாளுங்க. பயமா இருக்குதுன்னு சொல்லிப்போட்டே தண்ணிக்குள்ள எறங்கினீங்களாமா. அவங்கப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லீங்க. தூக்கம் கண்ணைக் கட்டுதுன்னு அன்னைக்குச் சொல்லியிருந்தா வண்டிய ஓரங்கட்டியிருப்பாரு."

அண்ணனிடம் பேசிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை அவர் தோட்டத்துக் கிணற்றுக்கு நான் நீச்சல் பழக வர வேண்டுமாம். மற்றப் பேச்செல்லாம் அப்புறம். போய்விட்டாள்.

கடையைப் பூட்டினேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்த்தேன். பூட்டியிருந்தது.

ஜூலை 7, ஞாயிறு

சிவகிரி பஸ்ஸில் நின்றுகொண்டே. நல்ல வெயில். கிணறு பெரிசு, அடி தெரியவில்லை. திவ்யா முன்னாலேயே குதித்து நீந்திக்கொண்டிருந்தாள். சரோஜா தென்னை மரத்தடியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு. என் இடுப்பில் கயிறு கட்டிவிட்டு மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார் அண்ணன். படியில் கால் ஒட்டிக்கொண்டது. அவர் அவசரப்படுத்தவில்லை. ரொம்ப நேரம் கழித்து,

"புடிச்சிருக்கறனுங்க, குதிங்க மாப்பிள்ளை" என்றார்.

குதித்தேன். மூக்கெல்லாம் தண்ணீர்.