கண்ணை மூடிக்கொண்டு பார்த்த படம்

இராஜாக்கமங்கலம்,
17-11-1953.

அன்புள்ள அத்தானுக்கு,

குளோரி எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் மாமாவும் பிள்ளையும் சுகம். சென்னையில் நீங்களும், முக்கியமாக உங்கள் பத்து விரல்களும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். டிசம்பர் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீங்கள் ஊருக்கு வந்து சேர வேண்டும். வாருங்கள் என்று நான் எழுதுவதும், "என்னைச் சபையிலிருந்து தள்ளிவைத்த அப்பா முகத்தில் விழிக்க மாட்டேன்" என்று நீங்கள் எழுதுவதும் இரண்டு வருடமாக நடக்கிறது. இந்தத் தடவை அந்தப் பதிலை எழுத உட்காருமுன் இதைக் கடைசி வரை படியுங்கள்.

இங்கே நல்ல மழை. தென்புறத்து மண்சுவர் பாதி இடிந்துவிட்டது. ஜெபமணி இரண்டாம் வகுப்பில் ஒழுங்காகப் படிக்கிறாள். சினிமாவில் உன் அப்பாவுக்கு என்ன வேலை என்று டீச்சர் கேட்டதற்கு, பெரிய பிடிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை என்றாளாம். நான்தான் வேறு என்ன சொல்லிக்கொடுக்க? பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை கோயில் பாட்டுக்குழுவில் இருக்கிறார் என்றார்கள். அப்புறம் பட்டாளத்து பேண்டு என்றீர்கள். கொழும்பு ஓட்டலில் துரைமார் ஆடுவதற்கு வாசித்தீர்கள். சர்க்கஸில் யானைக்கு வாசித்தீர்கள். இத்தனை வருடத்தில் உங்கள் வாசிப்புக்குத் தலையாட்டியது அந்த யானை ஒன்றுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இனி அப்படிச் சொல்ல முடியாது.

ஆகஸ்டில் வந்த உங்கள் கடிதத்தை ஜெபமணிக்கு வாசித்துக் காட்டினேன். புதுப் படத்தில் படகுப் பாட்டின் நடுவே மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிட, உங்கள் பேஸ் பிடில் மட்டும் கொஞ்ச நேரம் தனியாகப் போகும் என்று எழுதியிருந்தீர்களே, அதுதான். மாமா அடுத்த அறையில் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். நான் படித்து முடிக்கும் வரை ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, வடசேரிச் சந்தைக்குப் போகலாம், மண்வெட்டி வாங்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். பஸ்ஸில் பாதி வழி போனதும், அந்தப் படம் எந்தக் கொட்டகையில் ஓடுகிறது என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருடமாகச் சபையில் டீக்கன் பதவியில் இருப்பவர். சினிமாவில் சேர்ந்த குற்றத்துக்குச் சொந்த மகனுக்குக் கோயிலில் திருவிருந்து அப்பம் கொடுக்கக்கூடாது என்று சபைக் கமிட்டியில் முதலில் கை தூக்கியவர். கொட்டகைப் பெயரைச் சொல்லிவிட்டுக் கூடவே போனேன்.

மத்தியான ஆட்டம். உட்கார்ந்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டார். சினிமா பார்ப்பதுதானே பாவம், கேட்டால் என்ன என்று கணக்குப் போட்டிருப்பார் போலிருக்கிறது. சண்டை வந்தது, டான்ஸ் வந்தது, பக்கத்துப் பெஞ்சே விழுந்து விழுந்து சிரித்தது. அவர் ஜெபத்தில் இருப்பவர் மாதிரி அசையாமல் இருந்தார். படகுப் பாட்டும் வந்தது. மற்றதெல்லாம் நின்று உங்கள் வாத்தியம் தனியே கேட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது அவந்தான் மக்கா. இந்த மாதிரி எடத்துல கொஞ்சம் பிந்தித்தான் வருவான். பாட்டுக்குழுவுல எத்தன தடவ ஏசியிருக்கேன், திருந்தவே இல்ல."

மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. எனக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நல்லவேளை, திரையில் கதாநாயகியும் அழுதுகொண்டிருந்தாள்.

வெளியே வரும்போது வாசலில் நம் சபை ரசலையன் நின்றார். சந்தையில் புளி விற்க வந்தாராம். கொட்டகை வாசலில் யாருக்குப் புளி விற்றார் என்று அன்றிலிருந்து யாரும் கேட்கவில்லை. மறுவாரமே கமிட்டி கூடிவிட்டது. போதகர் நல்ல மனிதர். படத்தைக் கண்ணால் பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், இத்தோடு விட்டுவிடலாம் என்று கெஞ்சியிருக்கிறார். அது உண்மையும்கூட. ஆனால் மாமா எழுந்து நின்று சொன்னதை, அங்கே இருந்த ஜான்ரோஸ் அண்ணன் வந்து என்னிடம் அப்படியே சொன்னார்.

"கண்ண மூடினது என் பயம். காத மூடல்லியே. எம் மவன் வாசிச்சான், நான் கேட்டேன். அவனுக்கு விதிச்சத எனக்கும் விதியுங்க."

விதித்துவிட்டார்கள். டீக்கன் பதவி போயிற்று, திருவிருந்தும் இல்லை. மாமா கூப்பிட்டுப் போனவள் என்று என்னைக் கண்டித்ததோடு விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டு, இடிந்த சுவருக்கு மண் குழைக்கப் போய்விட்டார். நான் இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது.

மாதத்தின் முதல் ஞாயிறு நம் கோயிலில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பிரசங்கம் முடிந்து திருவிருந்து தொடங்குமுன், அதில் பங்கில்லாதவர்கள் எழுந்து வெளியே போக வேண்டும். இந்த மாதம் எழுந்தவர் மாமா ஒருவர்தான். முன்வரிசையிலிருந்து வாசல் வரை, சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாக நடந்தார். கூடப் போக நானும் எழுந்தேன். உட்கார் என்று கையைக் காட்டினார். உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வாங்கிய அப்பம் எனக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை, அத்தான்.

அடுத்த திருவிருந்து ஆறாம் தேதி. சபையார் மனம் மாறி உங்களைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஆசை காட்டி நான் கூப்பிடவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், கேட்க வைக்கவும் வேண்டாம். ஸ்டூடியோவில் நாலு நாள் லீவு கேளுங்கள். திருநெல்வேலி வரை ரயில், அங்கிருந்து பஸ். சனிக்கிழமை வந்துவிடுங்கள்.

ஞாயிறன்று முன்வரிசையில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். பிரசங்கம் முடிந்து அவர் எழும்போது நீங்களும் எழுந்திருங்கள். இந்த ஒரு தடவை மட்டும் பிந்தாமல் எழுந்து, வாசல் வரை அவரோடு நடந்து போங்கள். கர்த்தர் உங்களை வழியில் காத்துக் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்
குளோரி