பூசை அறையில் ஜப்பான் கட்டை

8 ஜூலை 1933, நேமத்தான்பட்டி

பல் வலி. பகல் முழுவதும் சுவர் ஓடுகளின் படங்கள். முதலாளி தேனப்ப செட்டியார் புது வீட்டுச் சுவருக்குப் பூப்போட்ட ஓடு வாங்க ஜப்பானில் கோபே துறைமுகத்துக்குப் போகிறார். ஆங்கிலம் பேச ஓர் ஆள் வேண்டும். தத்துவத்தில் பட்டம் வாங்கிவிட்டுக் கல்லலில் அப்பாவின் வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்த என்னைப் பிடித்துக்கொண்டார். நாகநாதன் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "ஏம்ப்பா, பி.ஏ."

10 ஜூலை

ஆச்சி கூப்பிட்டுவிட்டார். முதலாளியின் மனைவி. கதவுக்குப் பின்னால் நின்றே பேசினார்.

"எங்க மக மெய்யம்மைக்கு ரெண்டு தங்கல தம்பி. இது மூணாவது. அவ நல்லபடியாப் பெத்து எந்திரிக்கிற வரைக்கும் மீனு, கறி வாயில படாதுன்னு ஒங்க முதலாளி பழனிக்கு நேந்திருக்காக. அந்தத் தேசத்துல என்னத்தப் போட்டுக் குடுப்பாகளோ. நீங்கதான் ஒவ்வொண்ணும் கேட்டுச் சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன். முருகன் இருப்பதை நான் நம்புவதில்லை. வாக்குக் கொடுக்க அது தடையாக இல்லை.

3 செப்டம்பர், கோபே

ஓடு பேசி முடிந்தது. கப்பலுக்கு ஐந்து நாள் இருக்கிறது. முதலாளி இருபத்தாறு நாளாக அவலும் ஊறுகாயும் தின்று இளைத்துவிட்டார். நாளை மறுநாள் எங்கள் இருவருக்கு மட்டும் ஒரு மோட்டார், ஒரு வழிகாட்டி. கடலோரக் கோயில்கள், அந்தப் பக்கத்துச் சாப்பாடு. "கோயில் சரி," என்றார். "சாப்பாட்ட நீ பாத்துக்க."

5 செப்டம்பர்

வழிகாட்டி மோரிதா, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, முதலாளி இரண்டையும் நம்பாமல் தானே பார்த்துக்கொண்டார்.

முதல் கோயில். வாசல் கடலுக்குள் நிற்கிறது, சிவப்பாக. அலை வந்து அதன் காலைக் கழுவிவிட்டுப் போகிறது. வாயும் கையும் அலம்பி உள்ளே போனோம். மோரிதா இரண்டு முறை குனிந்து இரண்டு முறை கை தட்டினார்.

"சண்டிகேசுவரருக்குத்தான கை தட்டணும்? இவுக எல்லாச் சாமியையும் சண்டிகேசுவரர் ஆக்கிட்டாக," என்றார் முதலாளி. ஆனாலும் தட்டினார். பலமாக. ஒரு புறா பறந்தது.

"மூலவர் எங்க?"

திரைக்குப் பின்னால், யாரும் பார்ப்பதில்லை என்றார் மோரிதா.

"சிதம்பர ரகசியம்! அப்பச் சரி."

இரண்டாவது கோயிலில் மடியிலிருந்து சூடம் எடுத்துவிட்டார். மோரிதா பதறினார். எல்லாம் மரக் கட்டடம். "நமக்குச் சூடமே இங்கயிருந்துதானப்பா வருது. விக்கிறவுக வீட்ல ஏத்த மாட்டாகளாமா?" இதை நான் மொழிபெயர்த்தேன். மோரிதா முதல்முறையாகச் சிரித்தார்.

மூன்றாவது, பெண்களின் கோயில். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொள்ளும் இடம். முதலாளி சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். வெகுநேரம் நின்றார். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சாப்பாடு. கடலைப் பார்த்த சிறு விடுதி, பாயில் உட்கார்ந்து. மீன் கூடாது, கறி கூடாது என்று மூன்று முறை சொன்னேன். விடுதிக்கார அம்மாள் மூன்று முறை குனிந்தார். வெள்ளையாக ஒன்று வந்தது. ("இட்டிலிக்குத் தம்பிப்பா இது.") கடல்பாசி. கண்ணில் நீர் வரவைக்கும் புளிப்பில் ஒரு காய். கடைசியாகக் கறுப்புக் கிண்ணத்தில் தெளிந்த ரசம், மேலே ஒரே ஒரு காளான்.

ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். "அடேயப்பா."

இரண்டாவது கிண்ணத்தின் பாதியில் மோரிதா என் காதருகே வந்தார். மீன்துண்டு ஒன்றுகூட இல்லை, நிம்மதியாக இருங்கள். சாறு மட்டும் காய்ந்த மீனில் இறக்கியது. அதை நாங்கள் மீன் என்று எண்ணுவதில்லை.

"என்னப்பா சொல்றாரு?"

முதலாளி மூன்றாவதுக்குக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு பிரகாசம்.

"நல்லாயிருக்கான்னு கேட்கிறார்."

அதோடு போயிருக்கலாம். பெண்ணுக்குப் பேறுகாலம் என்று மோரிதா சொல்லிவிட, அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். பட்டுத் துணிக்குள் ஒரு பழுப்புக் கட்டை, படகுபோல, ஒரு சாண் நீளம். நல்ல காரியங்களுக்குப் பரிசாகக் கொடுப்பது என்றார் மோரிதா. ரசத்துக்குச் சீவிப் போடும் காய்ந்த மீன் இதுதான் என்றும் சொன்னார்.

"மங்கலப் பொருளாம்," என்றேன். மற்றதை விட்டுவிட்டேன்.

முதலாளி கட்டையை விரல் கணுவால் தட்டினார். டிங் என்றது. காதருகே வைத்து மறுபடி தட்டினார். "பர்மாவுல இருபது வருசம் மரம் பாத்தவன். வயிரம் பாஞ்ச கட்டை. புகை போட்டுப் பதம் பண்ணியிருக்கான். தல விருட்சமா இருக்கும்."

6 செப்டம்பர்

ஏன் சொல்லவில்லை? உயர்ந்த காரணமாக ஒன்று தேடினேன். சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

14 அக்டோபர், நேமத்தான்பட்டி

கட்டை பூசை அறையில். பழனியாண்டவர் படத்துக்குக் கீழே, சந்தனம் குங்குமத்தோடு. வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி அதைத் தட்டிக் காட்டுகிறார். வீட்டுப் பூனை பூசை அறை வாசலை விட்டு நகர்வதில்லை. "வாயில்லாச் சீவனுக்கு என்ன பக்தி பாருங்க," என்று ஆச்சி உருகுகிறார். நான் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தேன்.

17 அக்டோபர்

சமையல்காரி சிட்டாளுக்குச் சொந்த ஊர் தொண்டி. கடற்கரைக்காரி. இன்று விளக்குத் துலக்கப் போனவள் நேராக என்னிடம் வந்தாள்.

"பூசை அறைக்குள்ள மாசிக் கருவாட்டக் கொண்டாந்து வச்ச மகராசன் யாரு?"

மாசி! கப்பலில் மாலத்தீவிலிருந்து வருமே, கல்போல. நான் பார்த்ததே இல்லை. கல்லல் விவசாயி மகனுக்கு அயிரையும் கெண்டையும்தான் தெரியும்.

"கத்தாதே சிட்டாள்."

"நான் ஏன் கத்துறேன்? பினாங்குல இருக்க என் தம்பிக்கு வாரம் ஒரு காயிதம் எழுதித் தாங்க. வாயத் தொறக்க மாட்டேன்."

5 நவம்பர்

சிட்டாளுக்கு மூன்றாவது கடிதம். சொல்வதற்கு அவளிடம் எல்லையே இல்லை.

19 நவம்பர்

மெய்யம்மைக்கு நேற்றே வலி எடுத்துவிட்டது. காரைக்குடியிலிருந்து லேடி டாக்டர் வந்திருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. காரணம், காரியம் — இரண்டுக்கும் இடையே ஒரு கிண்ணம் ரசம் நுழைய முடியாது. எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

20 நவம்பர்

காலையில் டாக்டர் முகம் சரியில்லை. ஆச்சி சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறார். முதலாளி பூசை அறையில், அந்தக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு — "நான் ஒண்ணும் தப்பு பண்ணலயே முருகா, ஒண்ணும் தப்பு பண்ணலயே" — அதையே. அதையே. எவ்வளவு நேரம்தான் கேட்டுக்கிட்டு நிக்கிறது? உள்ளே போய்ச் சொல்லிட்டேன்.

"முதலாளி, அது மரமில்ல. மீனு."

திரும்பிப் பார்த்தார்.

"அந்த ரசம்?"

"அதுவும்."

கட்டையைத் தட்டினார். டிங். இன்னொரு முறை. "பர்மாவுல இருபது வருசம்..."

"அங்கனயே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். எழுந்து படத்துக்கு நேரே நின்றார். என்னைக் கையால் காட்டினார், கோர்ட்டில் சாட்சி காட்டுவதுபோல. "கேட்டுக்கிட்டியா? நான் தெரியாமக் குடிச்சேன். தெரிஞ்சு குடிக்க விட்டவன் இவன். எம்மகள விட்ரு. இவன் காவடியோட நடந்து வருவான்."

பிறகு என்னிடம்: "நடப்பியா?"

"நடப்பேன்."

யோசிக்காமல் வந்தது. மூன்று வருடத் தத்துவமும் எங்கே போயிருந்தது?

பதினொன்றரைக்குக் குழந்தை அழுதது. பெண். தாய் பிழைத்தாள். டாக்டர் கெட்டிக்காரர். ஆயுதம் போட்டு எடுத்தார். அதுதான் காரணம் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

1 டிசம்பர்

கட்டை சிட்டாளிடம் போய்விட்டது. முதலாளிக்கு விரதம் முடிந்து முதல் விருந்து. சீவிப் போட்டு ஏதோ குழம்பு வைத்திருந்தாள். ஆச்சி, "என்ன புதுசா மணக்குது?" என்றார். முதலாளி இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஜப்பான் பிரசாதம்."

26 ஜனவரி 1934, நத்தம் போகும் வழி

பழனிக்கு நடை, குன்றக்குடியிலிருந்து மூன்றாம் நாள். கொப்புளம், இடது காலில் இரண்டு, வலதில் நான்கு. காவடி தோளை அறுக்கிறது. முதலாளி பின்னால் மாட்டுவண்டியில் வருகிறார், குடை பிடித்துக்கொண்டு. நான் நிழலில் நின்றால் இருமுகிறார்.

பக்கத்தில் நடந்தவர் வலையபட்டி மலையாண்டி, விவசாயி. தோளின் ஊமைக்காயத்துக்கு எண்ணெய் கொடுத்தார்.

"யாருக்குத் தம்பி நேர்த்தி?"

"ஒரு பெண் குழந்தைக்கு. ரெண்டு மாசம் ஆச்சு."

"ஒங்க பிள்ளையா?"

"இல்ல."

"ஒறவா?"

"அதுவும் இல்ல."

"பின்ன என்னத்துக்கு நீங்க நடக்கீக?"

"மொழிபெயர்ப்புல ஒரு வார்த்தைய விட்டுட்டேன் அண்ணே."

அவர் என் காவடியைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "அடுத்த பாலம் வரைக்கும் நான் தூக்கியாறேன்," என்றார். "பிள்ளைக்கு என்ன பேரு?"

சொன்னேன். சொல்லும்போது வலி தெரியவில்லை. பின்னால் வண்டியில் ஒருவர் இருமினார்.